துரைக்கு எந்தக் கால்?

பால்ராஜிடம் ஒருமுறை வாயைக் கொடுத்தவர்கள் பாரிவாக்கத்தில் மறுமுறை கொடுக்க மாட்டார்கள். ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்கிற தொழிற்சாலையில் அவனுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. புது வண்டியை மேட்டிலும் பள்ளத்திலும் ஓட விட்டு, ஓரமாக நின்று, எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சரியாகத்தான் சொல்வான், குறை சொல்லக் கூடாது. தொல்லை என்னவென்றால், வீட்டுக்கு வந்த பிறகும் அதையேதான் சொல்வான்.

"எந்தப் பக்கம் எறங்குதோ அந்தப் பக்கம்தான் கோளாறு. மேட்டரு அவ்ளோதான்."

கட்டில் ஆடினாலும் இதுதான், மின்விசிறி கத்தினாலும் இதுதான். எதிர்வீட்டுப் பொன்னியம்மாவின் மகள் கோபித்துக்கொண்டு புருஷன் வீட்டிலிருந்து வந்தபோதுகூட இதையே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான்.

இப்படிப்பட்டவன் ஒரு வேன் விஷயத்தில் மூக்கறுபட்டதுதான் வேடிக்கை. நூம்பலில் வாழ்க்கைப்பட்ட தங்கை ரேணுகாவின் வளைகாப்புக்குச் சீர்த்தட்டுகளோடு அவன் ஏற்பாடு செய்த வேன், வேலப்பன்சாவடி பாலத்துக்கு அடியில் படுத்துக்கொண்டது. பட்டுவேட்டியோடு பால்ராஜும் அதற்கு அடியில் படுத்தான். வளையல் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலையும் எடுத்தாகிவிட்டது.

அன்றிலிருந்து ரேணுகாவின் மாமியார் தாயம்மாளுக்கு வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி. கரண்ட் போய் வரத் தாமதமானால், "இன்னா ரேணுகா, உங்கண்ணன் வண்டில வந்துகினு கீதா?" என்பாள். கேஸ் சிலிண்டர் வராவிட்டாலும் அதுதான். மழை வராவிட்டாலும் அதுதான். ரேணுகா சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வருவாள். குழந்தைக்கு இரண்டு வயது முடிந்தும் அந்தப் பேச்சு முடியவில்லை.

இப்போது அந்தக் குழந்தைக்குக் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தெருமுனையிலிருந்து மேளத்தோடு தாய்மாமன் சீர் வர வேண்டும். சீருக்கு முன்னால், மாலை போட்ட ஒரு கிடா நடந்து வர வேண்டும். அது அந்தக் குடும்பத்து வழக்கம்.

"அண்ணா, எனக்குத் தங்கமும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்றாள் ரேணுகா போனில். "நேரத்துக்கு வா. நடந்து வா. உன் கைல அந்தக் கெடா தல நிமிந்து நடந்து வரணும். வண்டில மட்டும் வந்துடாத. எங்க மாமியாரு இப்பல்லாம் ரொம்ப ஓவரா பண்ணுது. ஒவ்வொரு அடிக்கும் மோவாய வெட்டி வெட்டித் தூக்கிகினுதான் நடக்குது. என்னைப் பாத்தாலே அப்படித்தான். எனுக்கு வயிறு எரியுது."

"நீ இன்னாத்துக்குக் கவலப்படுற? கெடாவ ராஜா மாரி இட்டுகினு வரேன்," என்றான் பால்ராஜ். தங்கை அழுவது அவனுக்குத் தெரியும். அவளுக்கு முன்னால் அதைத் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதே இல்லை.

அப்படித்தான் துரை வந்தது. வெள்ளை வெளேரென்று, முறுக்கிய கொம்போடு, எவரையும் மதிக்காத பார்வையோடு இருந்த செம்மறிக்கிடா. பெயர் வைத்தவள் பால்ராஜின் மனைவி ஷர்மிளா. "வேல வெட்டி இல்லாம, வேளா வேளைக்குச் சாப்பாடு வர்ற இடத்துல குந்திகினு கீது. துரை இல்லாம வேற இன்னா?" என்றாள்.

துரையைக் காதுகுத்துவரை பளபளவென்று வைத்திருக்க வேண்டும் என்பது பால்ராஜின் திட்டம். அவனுக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினான். தினம் காலையில் வாட்டர் வாஷ். பைக் கழுவுகிற சிமென்ட் தரையில் கட்டி, ஹோஸ் பைப்பால் அடித்து, ஷர்மிளாவின் ஷாம்பூவைப் போட்டு நுரை பொங்கத் தேய்ப்பான். அப்புறம் அதே தரையில் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவான். அந்தத் தரைக்குச் சரிவு சரியில்லை, தண்ணீர் வடியாமல் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீரிலேயே துரை நாளெல்லாம் நின்றது. உலகத்துக்கே சாய்மானம் பார்த்துச் சொல்கிறவன் வீட்டுத் தரை அது.

முதலில் கவனித்தவள் ஷர்மிளாதான். "ஏங்க, இது முட்டி போட்டுகினு தழ தின்னுது."

பால்ராஜ் எட்டிப் பார்த்தான். துரை இரண்டு முன்னங்கால்களையும் மடக்கி, முட்டியை ஊன்றிக்கொண்டு, அகத்திக்கீரையை மென்றுகொண்டிருந்தது.

பொன்னியம்மா அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டாள். "அடியே, அது அம்மன் கோயில் பக்கமா பாத்து மண்டி போடுதுடி! சாமிக்கு நேந்த உயிரு இல்ல, அதுக்குத் தெரிஞ்சு போச்சு!"

அன்று மாலைக்குள் தெருவில் பாதிப்பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி குங்குமம் வைத்தாள். துரை குங்குமத்தோடு மென்றது. பால்ராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. படம் பிடித்து ரேணுகாவுக்கு அனுப்பினான். நூம்பலிலும் பரபரப்பு. பக்தியுள்ள கிடாவோடு வருகிற தாய்மாமனை எந்த மாமியார் என்ன சொல்லிவிட முடியும்?

அந்தப் பெருமை மறுநாள் காலைவரைதான். துரையை அவிழ்த்து நடத்தியபோது அது நொண்டியது.

ஷர்மிளா வாயில் கைவைத்தாள். பால்ராஜ் மட்டும் அசரவில்லை. இது அவன் பேட்டை அல்லவா? "நீ கயித்தப் புடிச்சிகினு அந்தாண்ட வரைக்கும் நட," என்று அவளிடம் கொடுத்துவிட்டு, தொழிற்சாலையில் நிற்பது போலவே ஓரமாகக் கைகட்டி நின்றான். ஷர்மிளா நடந்தாள். துரையும் நடந்தது. இடது முன்னங்காலை ஊன்றும்போதெல்லாம் அதன் தலை பொசுக்கென்று தாழ்ந்தது.

"லெஃப்ட் ஃபிரண்ட்," என்றான் பால்ராஜ். "எறங்குது பாத்தியா?"

"குளம்பத் தூக்கி ஒருவாட்டி பாருங்களேன்."

"கண்ணால பாத்ததுக்கப்புறம் இன்னாத்துக்குத் தூக்கணும்? அது என்ன உதை உதைக்கும் தெரியுமா?"

இடது முன்னங்காலில் பஞ்சை வைத்து, அதன்மேல் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, பிதுங்கப் பிதுங்க இறுக்கிக் கட்டினான். பொன்னியம்மா, கண்பட்டிருக்கிறது என்று அதன்மேல் ஒரு கறுப்புக் கயிற்றையும் கட்டினாள். எல்லாம் முடிந்து அவிழ்த்து விட்டபோது, அதுவரை ஒரு காலில் நொண்டிய துரை இரண்டு காலில் நொண்டியது. நாலடி வைத்துவிட்டு, பால்ராஜை ஒரு பார்வை பார்த்தது. பிறகு படுத்துவிட்டது.

பால்ராஜ் அப்போதுதான் நாளை எண்ணிப் பார்த்தான். காதுகுத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. தெருமுனை கண்முன்னால் வந்தது. மேளம் வந்தது. நொண்டுகிற கிடா வந்தது. தாயம்மாள் வாசலில் நின்று மோவாயைத் தூக்கி, "இன்னா ரேணுகா, உங்கண்ணன் ஊட்டு ஆடும் உங்கண்ணன் வண்டி மாரிதானா?" என்று கேட்பதும் காதில் விழுந்துவிட்டது.

பூந்தமல்லி பக்கத்தில் கால்நடை மருத்துவர் சுவேதாவிடம் துரையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டாக்டருக்கு முப்பது வயது இருக்கும். காலையிலிருந்து ஒரு எருமையோடு மல்லுக்கட்டிய களைப்பில் இருந்தார்.

"எந்தக் கால்?"

"லெஃப்ட் ஃபிரண்ட், மேடம்," என்றான் பால்ராஜ், ரிப்போர்ட் கொடுக்கிற குரலில். "டெம்பரவரியா ஒரு பேக்கிங் குடுத்துக்கீறேன். ஷாக் அப்சார்பர் மாரி."

டாக்டர் அந்தச் சைக்கிள் டியூபைச் சற்று நேரம் பார்த்தார். அதை அவிழ்த்தார். துரையைக் கொஞ்ச நேரம் நிற்க விட்டு, பிறகு முற்றத்தில் ஒரு நடை நடத்தச் சொன்னார்.

"தலை எப்போ தாழுது?"

"லெஃப்ட்டு வெக்கும்போது."

"அப்போ வலது கால்."

பால்ராஜ் சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை.

"மேடம், நான் இருவது வருஷமா இதான் பாத்துகினு கீறேன். எந்தப் பக்கம் எறங்குதோ…"

"நீங்க என்ன பாக்குறீங்க?"

"வண்டி."

"வண்டிக்கு வலிக்குமா?"

இருபது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி அது.

"ஆட்டுக்கு வலிக்கும்," என்றார் டாக்டர். "நோவுற கால் தரையில படும்போது, பாரம் அதுமேல விழக் கூடாதுன்னு தலையை மேலே தூக்கிக்கும். அடுத்து நல்ல கால் வெக்கும்போது, அப்பாடான்னு அதுமேல எறங்கும். தாழுற பக்கம் நல்ல பக்கம். தலையைத் தூக்கும்போது எந்தக் கால் கீழே இருக்கோ, அதுலதான் வலி. நீங்க என்ன பண்ணியிருக்கீங்க, முன்னாடி அதுக்கிருந்த ஒரே நல்ல காலையும் இறுக்கிக் கட்டி…" மேற்கொண்டு சொல்லாமல் துரையைப் பிட்டத்தில் உட்கார வைத்து, முதுகைத் தன் முழங்காலில் சாய்த்துக்கொண்டார். கொம்பு வைத்த அந்த முரடு, முடிவெட்ட உட்கார்ந்த மாதிரி கம்மென்று உட்கார்ந்திருந்தது. வலது குளம்பின் இடுக்கை விரித்துக் காட்டினார்.

நாற்றம் பால்ராஜைப் பின்னால் தள்ளியது. இடுக்கில் தோல் செக்கச் சிவந்து, வெந்தது போல ஈரமாக இருந்தது. குளம்பின் ஓரம் பிரிந்து, உள்ளே அழுகியிருந்தது.

"குளம்பழுகல். இந்த நாத்தம் வந்தா வேற எதையும் தேட வேண்டாம். முட்டி போட்டு மேயுமே, பாக்கலையா?"

ஷர்மிளா பால்ராஜைப் பார்த்தாள். பால்ராஜ் சுவரில் ஒட்டியிருந்த பறவைக்காய்ச்சல் போஸ்டரைப் பார்த்தான்.

"பாத்தோம் மேடம்," என்றாள் ஷர்மிளா. "குங்குமம் வெச்சோம்."

"ஈரத்துல நிக்குதா?"

"டெய்லி வாட்டர் வாஷ் மேடம். ஷாம்பூ போட்டு. கண்டிஷனர் ஒண்ணுதான் போடல."

டாக்டருக்கு அன்றைய தினம் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. பிரிந்து தொங்கிய குளம்பை மட்டும் பதமாக நறுக்கி, சுத்தம் செய்து, ஊதா நிறத்தில் ஒரு மருந்தைப் பீய்ச்சினார். மற்றக் கால்களையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, அவற்றுக்கும் ஒரு பீய்ச்சு. ஊசியும் போட்டார். இனிமேல் குளிப்பாட்டவே கூடாது, காய்ந்த தரையில் வைக்கோல் போட்டுக் கட்ட வேண்டும், மயில்துத்தம் கரைத்த தண்ணீரில் குளம்பு மட்டும் நனைய நிற்க வைத்து, காய்ந்த பிறகு விட வேண்டும், அந்தத் தண்ணீரை வாய் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், செம்மறிக்கு அது விஷம். எல்லாவற்றையும் ஷர்மிளாவைப் பார்த்தே சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை ஊர்வலத்துல நடக்குமா மேடம்?" என்று பால்ராஜ் மெல்லக் கேட்டான்.

"வீட்டுல நாலடி நடக்கும். ரோட்டுல நடத்தாதீங்க. இன்னொண்ணு, ஊசி போட்டாச்சு. ஒரு மாசத்துக்குக் கறிக்கு ஆகாது."

ஆக, நடக்காத கிடா, விருந்துக்கு வெட்டவும் கூடாத கிடா. திரும்பி வருகிற வழியெல்லாம் பால்ராஜ் துரையின் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தான். ஷர்மிளாவுக்கே அது ஒரு மாதிரியாக இருந்தது.

அந்த வாரம் பால்ராஜ் துரைக்குச் செய்த சேவகத்தைப் பார்த்திருந்தால் அவனைப் பெற்றவளே பொறாமைப்பட்டிருப்பாள். சிமென்ட் தரையைக் கொத்திச் சரிவை மாற்றினான். வைக்கோலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஈரம் பட்டதை எடுத்துப் போட்டான். காலையும் மாலையும் கயிற்றை ஷர்மிளாவிடம் கொடுத்து நாலடி நடத்தி, கைகட்டி நின்று தலையைப் பார்த்தான். தலையை வெட்டித் தூக்குவது நாளுக்கு நாள் குறைந்தது. சனிக்கிழமை மாலை துரை நின்றுகொண்டே தழை தின்றது. பொன்னியம்மாவுக்கு மட்டும் பக்தி போய்விட்டதே என்று வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வைக்கோல் பரப்பிய குட்டியானை மினி லாரியில் துரையை ஏற்றிக்கொண்டு நூம்பல் தெருமுனைக்கு நேரத்துக்கு முன்பே போய்விட்டார்கள். அங்கே இறக்கி, வாசல்வரை நடத்திவிடலாம் என்பது ஏற்பாடு. நூறடி கூட இருக்காது. டாக்டர் சொன்னது ரோடு. இது தெருதானே என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டிருந்தான் பால்ராஜ். ஆனால் அந்தத் தெருவில் புது ரோடு போடுவதற்காக ஜல்லியைக் கொட்டிப் பரப்பி, மாசக்கணக்காக அப்படியே போட்டு வைத்திருந்தார்கள். அது அவனுக்குத் தெரியாது.

மேளம் முழங்கியது. ஷர்மிளாவும் சொந்தக்காரப் பெண்களும் தட்டுகளை ஏந்தினார்கள். மாலையோடு, ஊதாக் குளம்புகளோடு துரை இறங்கியது. "அட, காலுக்குக்கூட கலர் அடிச்சிக்கீறாங்கடா!" என்று யாரோ வியந்தார்கள். தூரத்தில் வாசலில் ரேணுகா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துப் பால்ராஜ் கயிற்றைப் பிடித்து நடந்தான்.

துரை ஜல்லியில் முதல் அடி வைத்தது. இரண்டாவது அடி. மூன்றாவதில் தலையை மேலே தூக்கியது. அடுத்ததில் இன்னும் மேலே.

"பார்ரா, இன்னா மிடுக்கா தலய நிமித்திகினு வருது!" என்று கூட்டம் கைதட்டியது.

ரேணுகா கேட்டது இதைத்தான். தலை நிமிர்ந்து நடந்து வர வேண்டும். ஆனால் அந்தத் தெருவில் அதற்கு என்ன அர்த்தம் என்று ஷர்மிளாவை விட்டால் தெரிந்தவன் பால்ராஜ் ஒருவன்தான். அவனால் அடுத்த அடி வைக்க முடியவில்லை. குனிந்தான், பட்டுவேட்டியும் மாலையும் கசங்கத் துரையை இரு கையாலும் அள்ளித் தூக்கினான், திரும்பிப் போய் வண்டியில் விட்டான். மேளக்காரர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் நிறுத்திவிட்டார்கள். வாசலில் ரேணுகாவின் முகம் சுருங்கியது.

"வண்டிய மெதுவா எடுப்பா," என்றான் டிரைவரிடம். வண்டி முன்னால் ஊர்ந்தது. பால்ராஜ் பக்கத்தில் தலைகுனிந்து நடந்தான்.

எதிர்பார்த்தபடியே தாயம்மாள் கிளம்பிவிட்டாள். வாசலைவிட்டு இறங்கி, ஜல்லிமேல் வெறுங்காலோடு விறுவிறுவென்று வந்தாள். பேத்தி காதுகுத்து முடிகிறவரை செருப்புப் போடுவதில்லை என்று அவளுக்கு வேண்டுதல். சொன்ன மாதிரியே மோவாய் ஒவ்வொரு அடிக்கும் வெட்டி வெட்டி மேலே போனது.

"இன்னா பாலு! மறுபடியும் வண்டியா? உன் ஆடு நடக்காதா?"

பால்ராஜ் பழக்க தோஷத்தில் கைகட்டி நின்று அவள் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது கால், தலை தாழ்கிறது. வலது கால், மோவாய் மேலே. இடது, கீழே. வலது, மேலே.

"அத்தே," என்றான், ஊர் முழுக்கக் கேட்க. "உங்க வலது கால்ல இன்னா?"

தாயம்மாள் நின்றுவிட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"தூக்குங்க, பாப்போம்."

"யோவ், நான் இன்னா ஆடா?"

அதற்குள் ரேணுகா குழந்தையோடு ஓடி வந்துவிட்டாள். வண்டியின் பின்பலகையில் மாமியாரைப் பிடித்து உட்கார வைத்து, வலது காலை மடியில் எடுத்து வைத்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்காலில் ஜல்லி குத்திய புண், ஓரமெல்லாம் கறுத்து, சீழ் கோத்திருந்தது.

"எப்பலேந்து இது?"

"வேண்டிகினு கொஞ்ச நாள்ல குத்திச்சு." தாயம்மாளின் குரல் அவளுடையதாகவே இல்லை. "எனுக்கு சுகர் கீதேடி. பக்கத்துத் தெரு அஞ்சல ஆஸ்பத்திரில காலக் காமிச்சா, வெரல எடுத்துட்டாங்க. கொயந்த காது குத்தறதுக்குள்ள என்னை எங்கியாவது படுக்க வெச்சிட்டா? அதான் யாருக்கும் சொல்லல."

ரேணுகா அந்தக் காலை விடவில்லை. "இதுக்கா மோவாயத் தூக்கிகினு போனீங்க? நான் என்னைப் பாத்துதான்னு…" என்றவள் முடிக்க முடியாமல் அழுதாள். இந்தத் தடவை குளியலறைக்குப் போகவில்லை.

"அழுவாதடி, சபையில." தாயம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பால்ராஜ் பக்கம் திரும்பினாள். "உனுக்கு எப்படியா தெரிஞ்சுது?"

"டாக்டரம்மா சொல்லிக் குடுத்தாங்க அத்தே."

"எந்த டாக்டரம்மா?"

பால்ராஜ் வண்டிப் பக்கம் பார்த்தான். வண்டிக்குள் இருந்த துரை, தாயம்மாளின் முந்தானையை மென்றுகொண்டிருந்தது. அவள் துரையின் ஊதாக் காலைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், பால்ராஜைப் பார்த்தாள்.

"என்னை மட்டும் அங்க இட்டுகினு போன, தொலைச்சுப்புடுவேன்."

"இல்ல அத்தே. காது குத்துன கையோட மனுஷ டாக்டர்கிட்டதான். இதே வண்டில."

காது குத்துகிற கோயில் அந்தத் தெருவின் மறுகோடியில் இருந்தது. தாயம்மாள் இறங்கப் பார்த்தாள். ரேணுகா, இறங்கினால் காது குத்தவே விடமாட்டேன் என்றாள். மாமியாரிடம் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. ஷர்மிளா ஒரு தட்டிலிருந்த பட்டுத்துணியை வைக்கோல்மேல் விரித்துப் போட்டாள். ஒரு பக்கம் துரை, மறுபக்கம் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு தாயம்மாள். மேளக்காரர்களுக்கு உயிர் வந்தது. வண்டி ஜல்லிமேல் மெல்ல நகர்ந்தது.

கோயில் வாசலில் காத்திருந்த மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்திலிருந்து ஒருத்தி, பழைய ஞாபகத்தில் குரல் கொடுத்தாள். "இன்னா தாயம்மா, ரேணுகா அண்ணன் இன்னிக்கும் வண்டிதானா?"

தாயம்மாள் மோவாயைத் தூக்கினாள். உட்கார்ந்திருந்ததால், இது வலியால் தூக்கியது இல்லை.

"ஆமா, வண்டிதான்," என்றாள். "நேரத்துக்கு வந்துகீது, உனுக்கு இன்னா?"